என் தலையில் விழுந்த சடை

பூலாம்பட்டியிலிருந்து ஒரு அம்மாள் நடந்தே வந்து என் காலில் விழுந்தாள். எனக்கு அப்போது பதினைந்து வயது இருக்கும். நாற்பது நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்த உடம்பு. எழுந்து உட்காரக்கூட ஒரு ஆள் பிடிக்க வேண்டும். எடப்பாடியில் எங்கள் வீட்டு நடையில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு என்னைச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

வந்தவளுக்கு என் அத்தை வயது இருக்கும். எலுமிச்சம் பழம் ஒன்றைக் கட்டிலில் வைத்தாள். முந்தானையிலிருந்து மஞ்சள் தூளை எடுத்து என் பின்மண்டையில் அப்பினாள். பிறகு கேட்டாள். அவள் மகன் கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய் இரண்டு வருஷமாகத் தகவல் இல்லை. அவன் திரும்பி வருவானா?

"எனக்குத் தெரியாதுங்க," என்றேன்.

அவள் அழுதாள். துக்கத்தில் அல்ல, சந்தோஷத்தில். என் அத்தையைப் பார்த்து, "தெரியாதுன்னு சாமி வாயில வந்துருச்சுங்க. அப்ப உசுரோட இருக்கறான். செத்திருந்தா செத்துட்டான்னு சொல்லிப்போடுமல்லோ," என்றாள்.

அத்தை பயபக்தியோடு தலையாட்டினாள். எனக்கு அந்த எலுமிச்சம் பழத்தை எடுத்து இரண்டு பேர் மேலும் வீச வேண்டும்போல இருந்தது. கையில் பலம் இல்லை.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் என் தலைமுடி. பின்மண்டையில் தேங்காய் மூடி அளவுக்கு முடி கெட்டித்துப்போய்க் கிடந்தது. எங்கள் பக்கத்தில் இதைச் சடை விழுந்தது என்பார்கள். சடை விழுந்தால் அம்மன் அந்தத் தலையைப் பிடித்துக்கொண்டாள் என்று அர்த்தம். அதில் சீப்பு படக் கூடாது, கத்தரி படக் கூடாது. அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள எவனும் வரமாட்டான். அவள் காலம் முழுக்க உட்கார்ந்து வருகிறவர்களுக்குக் குறி சொல்ல வேண்டியதுதான்.

நான் அப்படி உட்காரவில்லை. ஏன் என்பதுதான் இந்த வாரக் கதை.

கடிதம் போட்டவர்களுக்கு

இரண்டு வாரத்துக்கு முன்னால் பேச்சுவாக்கில் ஒரு வரி எழுதினேன். எனக்குச் சுருட்டை முடி, இந்த வயதிலும் இடுப்புக்குக் கீழே தொங்குகிறது என்று. அவ்வளவுதான். தறி ஓடாமல் நாங்கள் பட்டினி கிடந்த கதையைப் பக்கம் பக்கமாக எழுதினேன், அதைப் பற்றி ஒரு கடிதம் இல்லை. வந்த கடிதம் எல்லாம் ஒரே கேள்வி. என்ன எண்ணெய் தேய்க்கிறீர்கள்?

நாமக்கல்லிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். மகளுக்குச் சுருட்டை முடியாம். தோளைத் தாண்டி வளரவே மாட்டேன் என்கிறதாம். காலையும் மாலையும் அழுத்தி அழுத்தி வாரிவிடுகிறாராம்.

அம்மா, முதலில் அந்தச் சீப்பைக் கீழே வையுங்கள். உங்கள் மகளுக்கு முடி வளராமல் இல்லை. வளர்வதையெல்லாம் நீங்கள் உடைத்துக்கொண்டிருக்கிறீர்கள். வேரில் ஒரு அங்குலம் வருகிறது, நுனியில் ஒரு அங்குலம் உங்கள் சீப்போடு போகிறது. பிறகு எப்படி நீளும்? சீப்பில் சிக்கிய முடியை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையில் வெள்ளைப் பொட்டு இருந்தால் தானாக உதிர்ந்தது. இல்லாவிட்டால் உங்கள் கைங்கரியம்.

எண்ணெய்க்கு அப்புறம் வருகிறேன். என்னைச் சொல்லவிடுங்கள்.

அத்தையின் சீப்பு

என் அம்மா நான் சிறு பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டாள். அப்பாவின் அக்காதான் எங்களை வளர்த்தாள். புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவள். வீட்டில் குழித்தறி இரண்டு. அப்பா ஒன்றில், அண்ணன் ஒன்றில். நூல் சுற்றுவது, கஞ்சி காய்ச்சுவது, சமைப்பது, அதட்டுவது எல்லாம் அத்தை.

அத்தைக்கு இடுப்பு வரை முடி. நீட்டு முடி, வழுவழுவென்று எண்ணெய் ஓடுகிற முடி. அந்த வயதிலும் கறுப்பு. நகை இல்லை, பூ இல்லை, வண்ணப் புடவை இல்லை, அந்த முடி ஒன்றுதான் அவளுக்கு இருந்தது. அதை அவிழ்த்து உதறிக் கொண்டை போடும்போது யாராவது பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்ப்பாள்.

அப்படிப்பட்டவள் கையில் நான் மாட்டினேன். என் முடி ஒவ்வொரு இழையும் ஒரு பக்கம் சுருளும். வாரினால் எழும்பும், எழும்பினால் அத்தைக்கு ஆத்திரம் வரும். மரப் பேன் சீப்பை எடுத்து, வறட்டு முடியில், உச்சியிலிருந்து கீழ்நோக்கி இழுப்பாள். படபடவென்று அறுபடும் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. தெருவில் எனக்குப் பெயர் பரட்டை. சொந்தப் பெயர் பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் மட்டும்தான் இருந்தது.

சுருட்டை முடி ஒரு நோய் என்றே நான் நம்பினேன். இன்றைக்கும் பல வீடுகளில் பெண்பிள்ளைகள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நம்ப வைப்பவர்களை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

முடிக்குக் கஞ்சி

அண்ணனுக்குக் கல்யாணம் வந்தது. பேசும் படம் எங்கள் ஊர்ப் பக்கம் புதிதாக வந்த காலம். பெண் சேலம் பக்கம். நாலு பேர் வருகிற இடத்தில் நான் பரட்டைத் தலையோடு நிற்கக் கூடாது என்று அத்தை முடிவு கட்டினாள்.

நெசவு தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தறியில் நீளவாட்டில் ஓடுகிற நூலுக்குப் பாவு என்று பெயர். அதைத் தறியில் ஏற்றுவதற்கு முன் விடியற்காலையில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, ராகி மாவுக் கஞ்சியைப் புளிக்கவைத்துத் தெளித்து, தூரிகை மாதிரி இருக்கும் பெரிய நார்க்கட்டையால் நீவுவார்கள். பிசிறு எல்லாம் படிந்து, நூல் கம்பி மாதிரி நிற்கும்.

எங்கள் அத்தைக்கு அது போதும். நூலுக்கு நடப்பது முடிக்கு நடக்காதா? கல்யாணத்துக்கு முதல் நாள் பாவுக் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, நாலு சொட்டு கடலை எண்ணெய் விட்டு, என் தலையில் வழித்துப் பூசி, பழைய நார்க்கட்டையால் நீவினாள். படிந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், அருமையாகப் படிந்தது. இறுக்கிப் பின்னி, பின்னலைச் சுருட்டிப் பின்மண்டையில் வைத்துக் கட்டிவிட்டாள். கண்ணாடியில் பார்த்து நானே பூரித்துப்போனேன். அந்த முட்டாள்தனத்தில் எனக்கும் பங்கு உண்டு.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் காய்ச்சல். விருந்து, சம்பந்தி, பாத்திரம் பண்டம் என்று இருந்த களேபரத்தில் என் தலையை யாரும் அலசவில்லை. ஒவ்வொருத்தரும் மற்றவர் அலசியிருப்பார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மரியாதை வந்தது

காய்ச்சல் முற்றி நான் கண் திறக்காமல் கிடந்த நாளில், அத்தை கோயிலுக்கு ஓடி, "பொண்ணைக் காப்பாத்து, எதை வேணும்னாலும் எடுத்துக்க," என்று அம்மனிடம் அழுதிருக்கிறாள். இதை அண்ணி பிறகு சொன்னாள்.

நான் பிழைத்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தால் பின்னால் சடை. கேட்டதை அம்மன் எடுத்துக்கொண்டாள் என்று அத்தைக்குப் பட்டுவிட்டது. நானும் அவள் இடத்தில் இருந்திருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேனோ என்னவோ.

அன்றிலிருந்து என்னை வாடி போடி என்று பேசுவதை விட்டுவிட்டாள். "சாமி, எந்திரிக்கறீங்களா? சாமி, கொஞ்சம் கூழு குடிக்கறீங்களா?" எங்கள் பக்கம் குழந்தையைக்கூடச் சாமி என்றுதான் கொஞ்சுவார்கள், அது வேறு. இது கையைக் கட்டிக்கொண்டு சொல்கிற சாமி. அப்பா என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். தண்ணீர் கேட்டால் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பூசாரி வந்து எனக்கு மஞ்சள் துணி கட்டி அம்மனுக்கு நேர்ந்துவிடுவது என்று ஏற்பாடு. கட்டிவிட்டால் கட்டினதுதான். பூலாம்பட்டிக்காரி வந்தது அதற்கு முந்தின சனிக்கிழமை. அவள் போன பிறகு நான் யோசித்தேன். இன்றைக்குத் தெரியாது என்றேன், அவள் அதிலிருந்தே ஒரு நம்பிக்கையைக் கட்டிக்கொண்டு போகிறாள். நாளைக்கு இன்னொருத்தி வருவாள். பெற்ற வயிறு எரிய வருகிறவர்களை எல்லாம் இப்படி ஏமாற்றி அனுப்பியே நான் கிழவியாக வேண்டுமா? மாட்டேன் என்று நினைத்தேன். ஆனால் என்ன செய்வது என்று தெரியவில்லை.

தலையணையில் எறும்பு

தெரிய வைத்தது எறும்புதான். என் தலையணையில் தினமும் எறும்பு வந்தது. அதையும் அம்மனின் அடையாளம் என்றார்கள். எனக்குச் சந்தேகம். அம்மனுக்கு வருகிற எறும்பு மண்டையை விட்டுவிட்டுச் சடையை மட்டும் ஏன் சுற்றுகிறது?

சடையின் ஓரத்தை நகத்தால் சுரண்டினேன். பொருக்கு மாதிரி ஒன்று வந்தது. வாயில் போட்டேன். புளிப்பு. நெசவுக்காரப் பிள்ளைக்கு அந்த ருசியைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாவில் வேலை செய்யும்போது கையை நக்கியே வளர்ந்தவர்கள் நாங்கள்.

அண்ணியைக் கூப்பிட்டுச் சொன்னேன். சரசு என்று பெயர். வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகாத மருமகள். பயந்து பின்வாங்கினாள். "அம்மிணி, உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னையத்தான் சொல்லுவாங்க. வந்த நேரம்பாங்க," என்றாள். நியாயமான பயம். ஒரு சொம்பு வெந்நீர் மட்டும் கொண்டுவரச் சொன்னேன். சடையின் நுனியை அதில் அமிழ்த்தி வைத்தேன். தண்ணீர் மெல்ல வெளுத்தது. அண்ணி குனிந்து பார்த்தாள், முகர்ந்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

"கஞ்சி," என்றாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து என் பின்னால் உட்கார்ந்தாள்.

எப்படிப் பிரித்தோம்

கடிதம் போட்டவர்கள் இங்கே கவனமாகப் படிக்கலாம்.

விடிந்ததும் வீட்டார் எல்லாம் பாவு நீவத் தெருவுக்குப் போய்விடுவார்கள். அந்த நேரம்தான் எங்களுக்கு. முதல் நாள் ஒரு இழையைக்கூடப் பிரிக்கவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, மறுபடி ஊறவைத்தோம். கஞ்சி போகாமல் கை வைத்தால் முடிதான் போகும். இரண்டாம் நாள் செம்பருத்தி இலையைத் தண்ணீரில் கசக்கி, அந்தக் கொழகொழப்பைச் சடை முழுக்கப் பூசினோம். அதற்கு மேல் விளக்கெண்ணெய், கொஞ்சமாக.

பிறகு விரல். சீப்பு இல்லை, விரல் மட்டும். சிக்கு விழுந்த சிட்டத்தை, அதாவது நூல் கற்றையை, எங்கள் பெண்கள் எப்படிப் பிரிப்பார்கள் தெரியுமா? இழுக்கமாட்டார்கள். தளர்த்துவார்கள். வெளி ஓரத்தில் எந்த இழை தானாக வர ஆசைப்படுகிறதோ அதை மட்டும் எடுப்பார்கள். அதே மாதிரி நுனியில் ஆரம்பித்து, கீழிருந்து மேலே, பத்துப் பத்து இழையாக எடுத்தோம். வேர்ப் பக்கத்தை ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மண்டையில் உயிர் போகும். கைக்கு எட்டிய இடம் நான், எட்டாத இடம் அண்ணி.

அப்போதுதான் ஒரு விஷயம் எனக்குப் புரிந்தது. ஈரத்தில், வழுவழுப்பில், என் முடி சொன்ன பேச்சு கேட்டது. பிரிந்த இழையெல்லாம் தானாகச் சுருண்டு, மோதிரம் மோதிரமாக அழகாக நின்றது. பதினைந்து வருஷமாகக் குற்றம் முடி மேல் இல்லை, அதைக் கையாளத் தெரிந்த ஆள் வீட்டில் இல்லை.

இன்றுவரை நான் செய்வது அவ்வளவுதான். வாரம் ஒரு முறை தலையலச அரப்பு இலைத் தூள். முதல் நாளே விளக்கெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து லேசாகச் சூடாக்கி, விரல் நுனியால் மண்டைக்கு. ஈரத்தில் மட்டும் சிக்கெடுப்பு. அகலப் பல் சீப்பு, நுனியிலிருந்து. தளர்வாகப் பின்னல். துண்டால் அடித்துத் துவட்டக் கூடாது, பழைய வேட்டியில் ஒற்ற வேண்டும். காய்ச்சலில் கொட்டிய முடிக்கு முருங்கைக் கீரையும் எள்ளும் ராகியும் தின்றேன், பொறுத்திருந்தேன், வந்தது. எந்த எண்ணெயும் ஒரு மாதத்தில் முழ நீளம் வளர்க்காது. வளர்க்கும் என்று பத்திரிகையில் விளம்பரம் போடுகிறவன் பொய் சொல்கிறான். இந்தப் பத்திரிகையில் போடுகிறவனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அத்தை பார்த்துவிட்டாள்

புதன்கிழமை தெருவில் கஞ்சி பற்றவில்லை. எடுத்துப்போக அத்தை பாதியில் வீட்டுக்கு வந்தாள். நான் அண்ணி மடியில் தலை வைத்துக் கிடக்கிறேன். சடையில் பாதிக்கு மேல் பிரிந்து கிடக்கிறது.

காலிப் பானையோடு அப்படியே நின்றாள். பிறகு அண்ணியைப் பார்த்து, "நேத்து வந்தவ நீ. எங்க ஊட்டுப் பொண்ணைக் கொல்றதுக்குன்னு வந்தயா?" என்றாள். கத்தவில்லை. அடிக்குரலில் கேட்டாள்.

நான் எழுந்து உட்கார்ந்தேன். தலை அலசிய தண்ணீர் இருந்த சட்டியை அத்தை பக்கம் தள்ளினேன்.

"அண்ணிய ஒண்ணும் சொல்லாதீங்க. நாந்தான் செய்யச் சொன்னேன். இதை மோந்து பாருங்க."

மோந்து பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. அவள் கையிலிருந்த பானையிலும் அதே வாசனை. ஆனாலும் உட்கார்ந்தாள். விரலைத் தோய்த்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். பசை ஒட்டியது. கஞ்சியின் பதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவள் அவள்.

"நீங்க காச்சுனதுதானுங்க, அத்தை. கல்யாணத்துக்கு மொத நாளு."

விரலை முந்தானையில் துடைத்தாள். பிறகு, "எதை வேணும்னாலும் எடுத்துக்கன்னு நேந்துட்டனே. இதைப் பிடுங்கிட்டா உன்னைய எடுத்துக்குவாளே," என்றாள். சாமியும் வாங்க போங்கவும் எங்கோ போய்விட்டன.

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, கோபம்தான் வந்தது. "வேணும்னா அம்மனே வந்து எடுத்துக்கட்டும். நீங்க பூசுன கஞ்சிய அம்மன் தலைல கட்டாதீங்க," என்றேன்.

அத்தை எழுந்தாள். அடுப்படிக்குப் போய்ப் பானையில் கஞ்சியை ஊற்றிக்கொண்டாள். பாவு வெயிலில் காய்ந்தால் கெட்டுவிடும், அதற்கு மேல் நிற்க முடியாது. சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. போகிறபோது அண்ணியிடம், "கழுத்தோரம் இன்னும் ஊறோணும்," என்றாள். அவ்வளவுதான்.

நானும் அண்ணியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மறுநாளும் பிரித்தோம். எலுமிச்சங்காய் அளவு ஒரு முடிச்சு பிரியவே இல்லை. அதைக் கத்தரித்தேன். நானேதான் கத்தரித்தேன், அண்ணி கையில் கத்தரியைக் கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை

காலையில் பூசாரி மஞ்சள் துணியும் வேப்பிலையுமாக வந்துவிட்டார். பின்னால் தெருவே வந்தது. அப்பா தறியை விட்டு எழுந்து வந்து தூணோரம் நின்றார்.

நான் அரப்புத் தேய்த்து அலசி, முடியை விரித்துக் காயப்போட்டிருந்தேன். நாலு பக்கமும் சுருண்டு முறம் அகலத்துக்கு நின்றது. பூசாரி என்னைச் சுற்றி வந்து பார்த்தார்.

"சடை எங்கீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முன்னால் வந்துவிட்டாள். அம்மன் கனவில் வந்து விடுவித்துவிட்டாள் என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள் என்று நினைத்தேன். தெருவும் சந்தோஷமாக நம்பியிருக்கும்.

"அது சடை இல்லீங்க, பாவுக் கஞ்சி," என்றாள் அத்தை. "நாந்தான் அவ முடிக்குப் போட்டேன். அலசாம உட்டுட்டேன்."

கூட்டத்தில் பின்னாலிருந்து ஒருத்தி சிரித்தாள். அப்புறம் எல்லோரும். தலைக்குப் பாவு போட்டவள் என்று அத்தைக்கு அன்று விழுந்த பெயர் கடைசி வரை போகவில்லை.

பூசாரி சிரிக்கவில்லை. "அப்ப நேர்த்தி என்னாவறது?" என்று கேட்டார்.

"நேந்தது நானு. இவ இல்ல." அத்தை கையைப் பின்னால் கொண்டுபோய்க் கொண்டையை அவிழ்த்தாள். இடுப்பு வரை வந்து விழுந்தது. அத்தனை பேர் முன்னால் அவள் முடியை அவிழ்த்து நான் பார்த்ததில்லை. "வாங்க, கோயலுக்குப் போலாம். நாவிதரை வரச் சொல்லுங்க."

நான்தான் கத்தினேன். "வேணாமுங்க அத்தை. அதான் எல்லாம் கஞ்சின்னு தெரிஞ்சு போச்சல்லோ. அம்மன் ஒண்ணும் கேக்கலீங்க."

"உன்னையக் கேக்கல. நீ பொழச்சது கஞ்சியாலயா?" என்றாள். அது எனக்கு இன்றும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. நான் சொன்ன உண்மையை ஒத்துக்கொண்டாள், அதே மூச்சில் தன் வாக்கையும் நிறைவேற்றிக்கொண்டாள். யாரோடு சண்டை போடுவது?

வெயில் ஏறும்போது திரும்பி வந்தாள். மழுங்கச் சிரைத்த தலை, அதன் மேல் சந்தனம். ஆளே சிறுத்துப்போயிருந்தாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணி அடுப்படிக்குப் போய் அழுதாள். நான் அழவில்லை, நின்று முறைத்தேன்.

அத்தை என் முன்னால் வந்து நின்றாள். கையால் தலையை முன்னும் பின்னும் ஒரு தரம் தடவிப் பார்த்தாள்.

"காத்து நல்லாத்தான் படுது," என்றாள்.

பிறகு ராட்டையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நூல் சுற்ற ஆரம்பித்தாள்.